நாலு ஆன்டெனா பெட்டி

“எத்தனை ஆன்டெனா வேணும் அண்ணாச்சி?”

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு செல்போன் கடை. கடைக்காரர் கேட்ட கேள்வி இது. கத்தரிக்காய் எத்தனை கிலோ என்கிற மாதிரி ரொம்ப சாதாரணமாகக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. வாரா வாரம் உங்களுக்கெல்லாம் யோசனை சொல்கிற ஆள்... ஒரு கடை வாசலில் நின்று முழிக்கலாமா?

“எத்தனை வச்சிருக்கிய?” என்றேன், கெத்தாக.

“ரெண்டு இருக்கு, நாலு இருக்கு. ஆறு வேணும்னா சொல்லுங்க, வரவழைச்சித் தாரேன். ஆன்டெனா கூடக் கூட நெட்டு பிச்சிக்கிட்டு ஓடும்.”

அப்படியா? அப்படித்தான் என்று தலையை ஆட்டினார். நானும் ஆட்டி வைத்தேன்.

சமீபகாலம் வரைக்கும் என் வீட்டு இன்டர்நெட் பெட்டியை நான் முகம் கொடுத்துப் பார்த்ததே கிடையாது. ஹாலில், ஷோகேஸ் தலையில், வெள்ளையாக ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கும். கரண்ட் போனால் அணையும், வந்தால் எரியும். இந்தப் பத்தியை எழுதி மெயிலில் தட்டிவிட்டால் போய்ச் சேர்கிறதா? சேர்கிறது. அப்புறம் என்ன? அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது உமா. இல்லை... உமா பெற்றெடுத்த குட்டி.

உமா என் மகள். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தலைப்பிரசவத்துக்கு இங்கே சங்கரன்கோவிலுக்கு வந்தாள். மாப்பிள்ளை கத்தாரில் இருக்கிறார். அவர் ஒப்பந்தம் முடிந்து வர இன்னும் ஒரு வருஷம் பிடிக்கும். பெண் குழந்தை பிறந்தது. பெரிய பெயராக ஒன்று வைத்திருக்கிறோம், ஆனால் வீட்டில் ‘குட்டி’தான். பிரசவ லீவு முடிகிற நேரத்தில் கம்பெனி ஒரு சலுகை கொடுத்தது. குழந்தைக்கு ஒரு வயசு ஆகிறவரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஆனால் நெட் ஒழுங்காக இருக்க வேண்டும். மீட்டிங் நடுவில் அறுந்து அறுந்து போனால்... மூட்டையைக் கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட வேண்டும்.

சென்னைக்குப் போனால் என்ன ஆகும்? உமா காலையில் ஆபீசுக்கு, குட்டி ஏதோ ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு. கோமதி கூடப் போகலாமே என்பீர்கள். கோமதி என் மனைவி. முட்டி வலிக்காரி. உமாவின் சென்னை வீடோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கே அவள் ஏறி மாதக்கணக்காகிறது.

நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். குட்டி போய்விடுவாள் என்கிற நினைப்பையே என்னால் தாங்க முடியவில்லை. காலையில் பேப்பர் படிக்கும்போது என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதற்கு ஒரு ஆள் வேண்டும். பிடுங்கி, வாயில் வைத்து, எச்சில் பண்ணி, என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் எனக்குப் பொழுதே விடிகிறது.

ஆக, என் பேத்தி என்னோடு இருப்பதா இல்லையா என்பது அந்த வெள்ளைப் பெட்டியின் கையில் இருந்தது. பெட்டியோ மக்கர் பண்ணியது.

எப்படித் தெரியுமா? காலை பத்து மணி வரைக்கும் பிரமாதம். பத்தரை வாக்கில் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்ட ஆரம்பிக்கும். உடனே ரூமுக்குள்ளிருந்து உமா கத்துவாள். “அப்பா! போச்சு!” கொஞ்ச நேரத்தில் வரும். மறுபடி போகும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் தன்னால் சரியாகிவிடும். சாயங்காலம் பார்த்தால், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற மாதிரி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும்.

நெட் கம்பெனியில் லைன் பார்க்கிற தம்பி முருகேசனைக் கூப்பிட்டேன். தங்கமான பையன். ஆனால் காலையில் மேலநீலிதநல்லூர், பனவடலிசத்திரம் என்று பைக்கில் ஒரு சுற்று போய்விட்டு எங்கள் தெருவுக்கு வரும்போது சாயங்காலம் ஆகிவிடும். வந்து, கேபிளைக் கழற்றி, ஏதோ மீட்டரில் சொருகிப் பார்ப்பான்.

“நல்லாத்தான சார் இருக்கு. லைட்டு நல்லா வருது.”

“இப்ப நல்லாத்தான்டா இருக்கும். பத்தரைக்கு வந்து பாரு.”

“பத்தரைக்கு நான் பனவடலில கம்பத்து மேல நிப்பேன் சார்.” பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். “பழைய மாடலு. பகல்ல சூடாகி மக்கர் பண்ணுதோ என்னமோ. மாத்திப் பாக்கியளா?”

எனக்குப் பொறி தட்டியது. சூடு! எங்கள் ஊர் வெயிலுக்கு மனுஷனே மண்டை காய்ந்து போகிறான். பெட்டி எம்மாத்திரம்? அன்றிலிருந்து ஹாலில் இருந்த டேபிள் ஃபேனைப் பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தேன். வீட்டில் எல்லாரும் வேர்த்து வழிந்தோம். பெட்டி மட்டும் காற்று வாங்கியது. அப்படியும் பத்தரைக்குச் சிவப்பு.

நடுவில் ஒரு நாள் காலையிலிருந்தே மழை. விடாத சாரல். அன்றைக்கு நெட் ஒரு தடவை... ஒரே ஒரு தடவை கூடப் போகவில்லை. உமா நாள் முழுக்க சிரித்த முகமாக வேலை பார்த்தாள். “பாத்தியா, நான் சொல்லல? சூடு இல்ல, அதான் கம்முனு கெடக்கு” என்று கோமதியிடம் பீற்றிக்கொண்டேன். ஹால் முழுக்க ஃபேனுக்குக் கீழே காயப்போட்டிருந்த ஈரத்துணிகளை விலக்கிக்கொண்டுதான் இதைச் சொன்னேன். இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன்? பொறுங்கள்.

அந்தத் துணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டி வந்த நாளாக எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. என் பழைய வேட்டிகளை எல்லாம் கிழித்துக் குட்டிக்கு இடுப்புத் துணி ஆக்கிவிட்டாள் கோமதி. தொட்டிலுக்கு அவளுடைய பழைய நூல் சேலை. இவற்றை அவள் அலசிக் கொடுப்பாள், நான் வாளியோடு மாடிக்குப் போய்க் காயப்போட வேண்டும். “பிள்ளத் துணி நல்ல வெயில்ல காயணும்” என்று கண்டிஷன் வேறு. எங்கள் கொடியில் இப்போது வெயில் விழுவதில்லை, பக்கத்து வீட்டில் மாடி கட்டிவிட்டார்கள். நான் சும்மா விடுவேனா? மாடியின் கிழக்கு ஓரத்தில் ஒரு கருப்பு வயர் குறுக்கே போகிறது. பழைய கேபிள் டிவி வயர். கேபிளை நிறுத்தி வருஷக்கணக்காயிற்று, வயர் மட்டும் சும்மா கிடக்கிறது. கைக்கு எட்டுகிற உயரம், சுள்ளென்று வெயில். இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு பழைய பொருளை எப்படி உபயோகத்துக்குக் கொண்டுவந்தேன் என்று கோமதியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

பெட்டி வாங்குவதென்று முடிவெடுத்தபிறகுதான் தெரிந்தது, மோடம் வேறு, ரூட்டர் வேறாம். ஃபைபர் கேபிளில் வருவது வெளிச்சம். அதை நமக்குப் புரிகிற இன்டர்நெட்டாக மாற்றுவது மோடம். அதை ஹால், ரூம், அடுக்களை என்று வீடு முழுக்கக் கொண்டுபோய்க் கொடுப்பது ரூட்டர். சமைக்கிறவரும் பரிமாறுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியோ, அப்படி இரண்டும் ஒரே பெட்டியில் அடைத்தும் வருகிறது. எனக்கு அதுதான் வேண்டும் என்று தீர்மானித்தேன். ஷோகேஸில் ஒரு பெட்டிக்குத்தான் இடம்.

இதை வாக்கிங் போகிற இடத்தில் வாய்விட்டுச் சொன்னது தப்பாகப் போயிற்று. ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர் உடன் வருவார். உடனே பிடித்துக்கொண்டார்.

“ரெண்டையும் தனித்தனியா வாங்கும் வே. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்லா?”

“ஒண்ணு போனபொறவு மத்தத வச்சு நான் என்னவே செய்ய?”

மறுநாளும் அவர் அதையே சொன்னார்.

ஆன்லைனில் தேடினேன். ‘மோடம் ரூட்டர், இரண்டும் ஒன்றில்’ என்று போட்டு, நாலு ஆன்டெனாவோடு ஒரு கருப்புப் பெட்டி. நட்சத்திரம் நட்சத்திரமாகப் பாராட்டு. ஒருத்தர் ‘பேக்கிங் அருமை’ என்று எழுதியிருந்தார். வேறென்ன யோசிக்க? தட்டிவிட்டேன்.

வந்தது. கோமதி பயபக்தியோடு அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். சாயங்காலம் முருகேசன் வந்தான். பெட்டியை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

“சார், இது டெலிபோன் வயர்ல ஓடுற மோடம். ஃபைபர் சொருவ இதுல ஓட்டையே இல்லியே.”

மோடமிலும் ஜாதி இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? திருப்பி அனுப்பினேன். எடுத்துப் போக வந்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, “இது என்ன சார் செவப்பா?” என்றார். குங்குமம். துடைக்கத் துடைக்கப் பரவியது. கோமதி நான் நின்ற திசைக்கே வரவில்லை.

இரண்டாவது தடவை உஷாராகிவிட்டேன். முருகேசனிடம் போனில் கேட்டு ஒன்றொன்றாகத் தெரிந்துகொண்டேன். ஃபைபர் சொருகும் துளை இருக்கிறதா? கேபிள் முனை பச்சை என்றால் பெட்டியிலும் பச்சைக்கு இடம் உண்டா? அடியில் ஒட்டியிருக்கும் நம்பரை நெட் கம்பெனி அவர்கள் கணக்கில் ஏற்றிக்கொள்வார்களா? ஏற்றாவிட்டால் பெட்டி வெறும் டப்பாதானாம். அப்புறம், இரண்டு அலைவரிசை வேண்டுமாம். ஒன்று வேகமாக ஓடும், ஆனால் சுவரைக் கண்டால் நின்றுவிடும். இன்னொன்று மெதுவாகத்தான் போகும், ஆனால் எந்தச் சுவரையும் தாண்டி அடுக்களை வரைக்கும் போய்விடும். (எங்கள் வீட்டிலும் இந்த இரண்டு ரகமும் உண்டு. யார் எது என்று சொல்ல மாட்டேன்.)

இத்தனை ஞானத்தோடு போய் நின்ற இடத்தில்தான் அந்தச் செல்போன் கடைக்காரர் ஆன்டெனாக் கணக்குக் கேட்டார். நாலு ஆன்டெனா பெட்டியை வாங்கினேன். ரெண்டு போதும் என்றுதான் முருகேசன் சொல்லியிருந்தான். ஆனால் பேத்தி விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணலாமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முருகேசன் வந்து மாட்டினான். எல்லா விளக்கும் பச்சை. உமா கத்தாருக்கு வீடியோ கால் போட்டாள். மாப்பிள்ளை மூக்குமேல் இருக்கும் மச்சம் வரைக்கும் தெரிந்தது. குட்டி ஸ்க்ரீனை நக்கியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

“நாளைக்குத்தான் இருக்குப்பா” என்றாள் உமா. மறுநாள் பதினோரு மணிக்கு மீட்டிங். மேனேஜர், மேனேஜருக்கு மேனேஜர் எல்லாரும் வருவார்கள். “இன்னொரு தடவ அறுந்துச்சுன்னா ஒண்ணாந்தேதி சென்னைக்கு வந்துரணும்னு சொல்லிட்டாருப்பா.”

“அறுந்து போவாது மக்கா. நாலு ஆன்டெனா!” என்றேன்.

திங்கட்கிழமை. பதினோரு மணி. உமா ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹாலில் நின்று பெட்டியைப் பார்த்தேன், பச்சை. சரி, பெட்டிக்குக் காவல் நின்றதில் தள்ளிப்போன நம் உத்தியோகத்தைப் பார்ப்போம் என்று வாளியோடு மாடிக்கு ஏறினேன். இடுப்புத் துணிகளை வரிசையாகப் போட்டேன். கடைசியில் தொட்டில் சேலை. நூல் சேலை தண்ணீர் குடித்தால் என்ன கனம் கனக்கும்! தூக்கி வயரில் போட்டு விரித்தேன்.

கீழேயிருந்து கோமதியின் குரல்.

“ஏங்க! சிவப்பு எரியுது! போச்சாம்!”

கீழே ஓடலாம் என்று, சேலை மண்ணில் விழுந்துவிடுமே என்கிற பயத்தில், அதைச் சுருட்டி எடுத்தேன்.

“வந்துட்டு! வந்துட்டு!”

அப்பாடா. சேலையைத் திரும்பப் போட்டேன்.

“ஐயோ, போச்சுங்க!”

எடுத்தேன்.

“வந்துட்டு!”

நான் மெதுவாகப் புரிந்துகொள்கிற ஆள்தான். ஆனால் இதற்கு மேலும் புரியாமல் இருக்க முடியுமா? கையில் சொட்டச் சொட்டச் சேலையோடு அந்தக் கருப்பு வயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தேன். தெருக் கம்பத்திலிருந்து வருகிறது. மாடி வழியாகப் போகிறது. கைப்பிடிச் சுவர் முனையில் மடிந்து, கீழே இறங்கி, ஜன்னல் ஓரமாக... நேரே எங்கள் ஹாலுக்குள். பழைய கேபிள் டிவி வயராவது மண்ணாவது. அதுதான் ஃபைபர்! தினமும் காலை பத்தரைக்கு ஈரத்துணியைப் போட்டு, சுவர் முனையில் அதை மடக்கி, வெளிச்சம் வரவிடாமல் கழுத்தை நெரித்தது நான். மத்தியானம் துணி காயக் காய, அது மூச்சுவிட்டிருக்கிறது. மழை பெய்த அன்றைக்கு, துணியெல்லாம் ஹாலில் ஃபேனுக்குக் கீழே காய்ந்ததால், அது நிம்மதியாக இருந்திருக்கிறது.

எல்லாத் துணியையும் அள்ளித் தோளில் போட்டேன். “இப்ப எப்படி இருக்கு?”

“விட்டு விட்டு எரியுது!”

இத்தனை நாள் இழுத்ததில் வயர் தொய்ந்து, சுவர் முனையில் அழுந்திக் கிடந்தது. கையால் கொஞ்சம் தூக்கினேன்.

“பச்சை!”

விட்டேன்.

“சிவப்பு!”

அப்புறம் நான் விடவே இல்லை. உச்சி வெயில். தோளில் குட்டியின் ஈரத்துணி மொத்தமும். தலையில் தொட்டில் சேலை. ஒரு கை ஆன்டெனா மாதிரி மேலே. கை மரத்தால் மறு கைக்கு மாற்றினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினேன். படிக்கட்டுக்குக் கீழே குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கோமதி. “பச்சை... பச்சை... பச்சைதான்...” என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். கிரிக்கெட் கமென்ட்ரிக்காரன்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

எதிர்வீட்டில் பவர்லூம் வைத்திருக்கும் அண்ணாச்சி, நூல் வண்டி வருகிறதா என்று பார்க்க மாடிக்கு வந்தவர், என்னைப் பார்த்துவிட்டார்.

“என்ன சார், வயரப் பிடிச்சிக்கிட்டு நிக்கிய? ஷாக் அடிச்சிட்டா?”

“இல்ல அண்ணாச்சி. மீட்டிங்கு.”

“யாருக்கு?”

“உமாவுக்கு.”

“அப்ப நீங்க எதுக்கு நிக்கிய?”

அவர் வீட்டுக்குள் போய், யாரையோ கூப்பிட்டுக்கொண்டு வந்து, இரண்டு பேராகப் பார்த்தார்கள்.

ஒரு வழியாக உமாவே மாடிக்கு வந்தாள், குட்டியோடு. வாசலிலேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள். துணிகளைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை இல்லையா... நொடியில் விளங்கிக்கொண்டாள்.

“கையக் கீழ எறக்குங்கப்பா. மீட்டிங் முடிஞ்சிட்டு.”

“என்னட்டி சொன்னாங்க?”

“சரின்னுட்டாங்கப்பா. குட்டிக்கு ஒரு வயசு வரைக்கும் இங்கனதான்.”

கையை இறக்கினேன். அது என் கை மாதிரியே இல்லை. குட்டி எட்டி என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. வேர்வையில் நனைந்த கண்ணாடி. உப்புக் கரித்திருக்கும். முகத்தைச் சுளித்தது, ஆனால் விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாயங்காலம் முருகேசன் வந்து, சுவர் முனையில் மடிந்து நைந்த இடத்தை வெட்டிவிட்டு ஒட்டுப்போட்டு, வயரை என் கைக்கு எட்டாத உயரத்தில் கிளாம்ப் அடித்துக் கட்டினான். “நான் வாறப்பல்லாம் துணிய எடுத்துட்டு நின்னா எனக்கு எப்படி சார் தெரியும்?” என்று விழுந்து விழுந்து சிரித்தான். பழைய பெட்டியை மாட்டிப் பார்த்தோம். பச்சை. அட்டகாசமாக ஓடியது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை, பாவம்.

நமக்கெல்லாம் இது ஒரு வியாதி. கோளாறு எங்கே இருந்தாலும் சரி, கடையில் வாங்கி மாற்றக்கூடிய பொருளில்தான் இருக்கும் என்று நம்புகிறோம். நம் கையால் நாமே தினமும் செய்கிற காரியம் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே, மோடமும் ரூட்டரும் சேர்ந்த பெட்டி வாங்கக் கிளம்பியிருக்கிற வாசகர்களுக்கு என் யோசனை: துளை பாருங்கள், பச்சை முனை பாருங்கள், இரண்டு அலைவரிசை பாருங்கள், கம்பெனிக்காரர்களைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எட்டு உங்கள் மொட்டை மாடிக்குப் போய்விட்டு வாருங்கள்.

“அப்ப புதுப் பெட்டியத் திருப்பிக் குடுத்திரலாமா?” என்று கேட்டாள் கோமதி. மாட்டேன் என்றேன். ஷோகேஸில் அதுதான் இருக்கிறது, இந்தத் தடவை பொட்டு மட்டும் இல்லாமல். அதன் அட்டைப்பெட்டியை உமா எடுத்து வைத்திருக்கிறாள். ‘நாலு ஆன்டெனா’ என்று அச்சடித்திருந்த இடத்தில் பேனாவால் அடித்து, அஞ்சு என்று எழுதியிருக்கிறாள்.